நாற்பத்து நான்கில் ஒன்று

எல்கோவில் வியாழக்கிழமை இரவு.
நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தை ஒட்டிய சூதாட்ட விடுதியில்
ஒரே ஒரு போக்கர் மேசை.
ஒன்பது நாற்காலி, ஏழு பேர்.
மூன்றாவது நாற்காலியில் நான், மைதே எச்செவெரி,
பகலில் தங்கச் சுரங்கத்தில்
இருநூறு டன் லாரி ஓட்டுகிறவள்.

கையில் இரண்டு ராஜா.
மேசையில் மூன்றாவது ராஜா வந்து உட்கார்ந்தார்,
கூடவே ஓர் எட்டு, ஒரு மூன்று.
எதிரே டுவெயின் ப்ரூயிட்,
சுவர்ப்பலகை அடிப்பவன், நகக்கண்ணில் வெள்ளைத் தூள்.
அவன் கையில் இரண்டு எட்டு.
நான்காவது சீட்டு விழுந்ததும்
இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டு
சீட்டைத் திருப்பிக் காட்டினோம்.
மீதி நாற்பத்து நான்கு சீட்டு.
அவனைக் காப்பாற்ற அதில் ஒன்றே ஒன்று.

காலீன் மேசையை ஒரு தட்டுத் தட்டி
கடைசிச் சீட்டைப் புரட்டினாள்.

டைமண்ட் எட்டு.

"மன்னிச்சுக்க" என்றான் டுவெயின்.
மனசாரத்தான் சொன்னான்.
அந்த மன்னிப்பைத்தான்
என்னால் மன்னிக்க முடியவில்லை.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அது எனக்குப் பழக்கம்.
காது மடல்தான் அடுப்பில் வைத்த மாதிரி.
பழைய பின்பால் எந்திரத்தை அளவுக்கு மீறி உலுக்கினால்
டில்ட் என்று விளக்கெரியும்,
ஆட்டம் அங்கேயே செத்துவிடும்.
மனுஷிக்கு அப்படி விளக்கு வைக்கவில்லை.
செத்த பிறகும் காசு விழுந்துகொண்டே இருக்கிறது.

குளிர்கால டயருக்கு எடுத்து வைத்த முந்நூறு டாலரை
காலீனிடம் நீட்டியது என் கைதான்.
ஒன்பது, நான்கு. குப்பை.
"நாற்பது" என்று ஒரு குரல் கேட்டது,
என்னுடையது.
எண்பத்தைந்து போனபிறகுதான்
எதற்கு என்று யோசித்தேன்.

அடுத்து ஏழு, இரண்டு.
கை மறுபடி சில்லுகளை நோக்கி ஊர்ந்தது.

சுரங்கக் குழியில் சரிவு தொடங்கும் முன்பே
வண்டியைக் கட்டிவிட வேண்டும்.
வேகம் பிடித்த பிறகு மிதித்தால்
எரிவது பிரேக்தான்.
எட்டு வருஷமாக (பார், மறுபடி எட்டு)
தினம் முப்பது தடவை செய்கிற வேலை.
இந்தப் பச்சைத் துணியில்
சரிவு எங்கே தொடங்குகிறது என்று எழுதியிருக்கவில்லை.

எழுந்து வெளியே போனேன்.
நிறுத்தாத டீசல் எஞ்சின்கள், கூரையோரம் பனிக்குச்சி.
அப்பாவின் பாஸ்க் மொழியில் எனக்குத் தெரிந்த
நான்கு கெட்ட வார்த்தைகளையும்
ஒரு குளிர்சாதன லாரியின் பின்கதவிடம் சொன்னேன்.
ஐந்தாவது தெரியாததால்
நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்த எட்டுக்கு என்மேல் பகையில்லை.
என் பெயர்கூடத் தெரியாது.
பகை இருந்திருந்தால்
கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உள்ளே வந்து
சில்லுகளைப் பத்துப் பத்தாக அடுக்கினேன்.
டுவெயினின் குவியலைப் பார்க்கவில்லை.
சரி, இரண்டு தடவை பார்த்தேன்.
வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்தேன்,
நாற்பது நிமிஷம்,
காப்பி ஆறி ஏடு படியும் வரை.

பிறகு எனக்கே வந்தது இரண்டு எட்டு.
முன்னால் இரண்டு பேர் ஏற்றியிருந்தார்கள்,
இரண்டாமவர் செல்மா க்விஸ்ட்,
தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள்,
மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றுவாள்.
இந்தத் தடவை கை என்னுடையதாக இருந்தது.
கவிழ்த்தேன்.

மேசையில் முதலில் விழுந்த சீட்டே எட்டு.

காது சுட்டது.
கொஞ்சம்தான்.
காலீன் அடுத்த கை போடும்போது
ஆறிப்போயிருந்தது.

முந்நூறில் நூற்றுத் தொண்ணூறு மிச்சம்.
இரண்டு டயர் வாங்கலாம், முன்சக்கரத்துக்கு.

இரவு இரண்டு மணி, ஐடஹோ தெரு,
கண்ணுக்கெட்டிய வரை ஒரு வண்டி இல்லை.
சிவப்பு விளக்கு.
நின்றேன்.
பச்சை வர ரொம்ப நேரம் எடுத்தது.
எடுக்கட்டும்.